நாலு எலுமிச்சம்பழம்

மகன் காருக்குள் எலுமிச்சை வாசனைப் புட்டி ஒன்றை மாட்டியிருக்கிறான். கதவைத் திறந்தால் குப்பென்று அடிக்கிறது. அவனுக்கு அது வாசனை, எனக்கு வயிற்றெரிச்சல். ஏன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் ஆடுகோடியில் குடியிருந்தோம். என் சம்பளத்தில், என் பேரில், ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். டிரைவிங் ஸ்கூலில் பதினைந்து நாள் போய் லைசென்ஸும் வாங்கியாயிற்று. "சூப்பர் மேடம், கை நல்லா செட் ஆயிடுச்சு" என்பார் மாஸ்டர். மடச்சி, நானும் நம்பினேன். அவர் காலடியில் இன்னொரு கிளட்ச்சும் பிரேக்கும் இருந்தனவே, பதினைந்து நாளும் வண்டியை ஓட்டியது அந்தக் கால்தான்! பாவி மனுஷன் ஒரு வார்த்தை சொன்னானா?

அது வெளியே வந்தது ஆயுத பூஜை அன்றைக்கு, தெருவே பார்க்க. வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஏற்றி நசுக்க வேண்டியதுதான் பாக்கி. புதுப்புடவையில் ஜம்மென்று உட்கார்ந்து கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடியும் அதே குலுக்கல். ஒரு பழம்கூட நசுங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "பேக்கா மேடம் இதெல்லா?" என்றார். இதெல்லாம் தேவையா என்று கன்னடத்தில் நக்கல். அதைக்கூட மன்னிக்கலாம். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "எறங்கு, மானத்த வாங்காத" என்றாரே!

"இன்னொரு தடவ பாக்கறேங்க" என்றேன். காதிலேயே வாங்கவில்லை. அவரே ஏறி நசுக்கினார். தெரு கை தட்டியது. சாவி அவர் பைக்குள் போயிற்று.

விட்டேனா? ஞாயிறு காலை அவர் எழுவதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கியே தெருக்கோடிக் காலி சைட்டுக்குப் போய்விடுவேன். செங்கல் அடுக்கி, நடுவில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்திப் பழகினேன். எத்தனை செங்கல் உடைந்தது என்று கேட்காதீர்கள். ஒரு திங்கட்கிழமை நானே ஆபீஸுக்கு ஓட்டிப்போய், இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாகச் சொருகி நிறுத்தினேன். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார்.

இன்று அந்தக் காலி சைட்டில் ஐந்து மாடி நிற்கிறது. வெள்ளைக் கார் காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷமாயிற்று. அவருக்குக் கண் மங்கிவிட்டது. போன ஆயுத பூஜைக்கு அவரே இப்போதுள்ள காரின் சாவியை நீட்டி, "நீயே எடும்மா" என்றார். எடுத்தேன். நாலும் ஒரே மூச்சில் நசுங்கின.

இறங்கி வந்து, "அன்னிக்கு என்ன எறக்கி விட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"நானா? எப்போ?" என்கிறார். நடிக்கவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டார். நான் இனி யாரோடு போய்ச் சண்டை போடுவது?