முகூர்த்த ஃபோல்டரில் ஒரு முகம்

காஞ்சிபுரத்தில் கல்யாண போட்டோ எடுப்பவனுக்கு ஒரு விதி உண்டு. மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் மங்கினால் மன்னித்துவிடுவார்கள். பெண்ணின் புடவை ஜரிகை மங்கினால் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வீசுவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஜரிகையைக் காப்பாற்றித்தான் நான் என் குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறேன். இரண்டாவது விதி, யார் முகத்திலும் பரு, மரு, கருவளையம் எதுவும் தெரியக் கூடாது. முன்பெல்லாம் ஒவ்வொரு முகமாக உட்கார்ந்து துடைப்பேன். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன். நான் திரும்பி வருவதற்குள் ஆயிரம் பேர் அழகாகிவிட்டிருப்பார்கள்.

இந்தத் தொழிலோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. விபத்து, தூக்கு, ஏரியில் மிதந்தது என்று எதுவானாலும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ரைட்டர் போன் செய்வார். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, ஸ்டேஷனின் எழுத்து வேலையைப் பார்க்கும் ஏட்டு. அவர் கதையும் எழுதுவார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்றைக்கு விடியற்காலை முகூர்த்தம். தாலி கட்டி முடிந்து, டிபன் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பொங்கல் வாசனையில் நான் பாதி மயங்கியிருந்த நேரத்தில் ரைட்டர் கூப்பிட்டார். எரிவாயு தகன மேடைக்கு ஐந்து நிமிஷம் வந்துவிட்டுப் போகச் சொன்னார். பெண் வீட்டார் கட்டிவிட்ட கரை வேட்டியோடு, கையிலிருந்த அதே கேமராவோடு போனேன். கொட்டகைக்குள் ஸ்ட்ரெச்சரில் ஒரு ஆள். முப்பது வயதிருக்கும். அனாதைப் பிணம், மாரடைப்பு என்றார்கள். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உடம்பு ஒன்று என்று மூன்று படம் தட்டிவிட்டு ஓடிவந்தேன். முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பொங்கல் தீர்ந்துவிடும் என்ற கவலைதான் எனக்கு. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் எல்லாப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் இறக்கி, பட்டனைத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போனேன். மணப்பெண்ணின் அம்மா அழகானார், சமையல்காரர் அழகானார், தகன மேடையில் கிடந்த ஆளும் அழகானார். நான் பிரிண்ட் போட்டு, வழக்கம்போல் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை குத்தி, ரைட்டரிடம் கொடுத்தேன். அவர் வழக்கமாக ஏதாவது நொட்டை சொல்கிறவர். அன்றைக்குப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சூப்பரா வந்துக்கீதுபா" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலைந்து மாசம் கழித்து ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை, சொந்த ஊர் முசரவாக்கம். சாப்பாட்டு நேரத்தில் கடை யூனிஃபார்ம் புடவையிலேயே வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் எடுத்த படம். இன்னொரு தாளில் அதன் பின்பக்கம், என் முத்திரையோடு.

அவளுடைய அண்ணன் குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறவன். ஏதோ திருட்டு விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனவன் வீடு திரும்பவில்லை. அவனோடு போன போனும் லைசென்ஸும்கூடத் திரும்பவில்லை. ஆளைக் கண்ணில் காட்டச் சொல்லி ஐகோர்ட்டில் மனு போட்டிருக்கிறாள். விசாரித்து அன்றைக்கே அனுப்பிவிட்டோம், எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்று போலீஸ் பதில் சொல்லியிருக்கிறது. தகன மேடையில் ஒரு உடலை அவசரமாக எரித்ததை வக்கீல் தோண்டி எடுக்க, அது வேறு ஆள் என்று இந்தப் படத்தை நீட்டியிருக்கிறார்கள். அவள் கொடுத்த புகாரில் இடது புருவத்துக்கு மேல் தழும்பு என்று எழுதியிருந்தாள். படத்தில் இருந்தவனுக்குத் தழும்பு இல்லை. ஐகோர்ட் அதோடு விடாமல், உள்ளூர் மாஜிஸ்திரேட் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூஞ்சி எங்க அண்ணன் மாதிரியே இருக்குது. ஆனா தழும்பு இல்ல. அப்ப இது எங்க அண்ணன் இல்லதானே?"

டீ குடிக்கப் போன அந்தப் பத்து நிமிஷம் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, சிஸ்டம் ரிப்பேர், இரண்டு நாள் கழித்து வா என்று. ஸ்டேஷனை நினைத்துப் பயந்தேன், அவ்வளவுதான். அவள் இரண்டு நாள் கழித்து வந்தாள். நான் ஒரு சீமந்தத்துக்குப் போயிருப்பதாக வீட்டில் சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை வந்தபோது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

ஒழுங்காகத் தனி ஃபோல்டர் போட்டிருந்தால் அந்த மூன்று படமும் எப்போதோ அழிந்திருக்கும். ஸ்டேஷன் படங்களை மாசக் கடைசியில் அழித்துவிடுவேன். கல்யாண ஒரிஜினலை மட்டும் இரண்டு வருஷம் வைத்திருப்பேன், ஏனென்றால் ஓரகத்தி முறைத்துக்கொண்டிருக்கிற படம் எனக்கு வேண்டும் என்று யாராவது திரும்பி வருவார்கள். என் சோம்பேறித்தனத்தால் தாலி கட்டுக்கும் டிபன் பந்திக்கும் நடுவில் அவன் பத்திரமாக இருந்தான். ஒரிஜினலைத் திறந்தேன்.

தழும்பு இருந்தது. அதைத் தவிரவும் நிறைய இருந்தது. கன்னத்தில், உதட்டில், கழுத்தில், காதுக்குக் கீழே. அவள் திரையருகே போய், புடவையில் இழைக் குறை தேடுகிற மாதிரி பார்த்தாள். அவள் பார்த்தது தழும்பை மட்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு மெதுவாக, "கடைக்கு லேட் ஆவுது" என்று எழுந்து போனாள். வாசலில் செருப்பு மாட்டத் தெரியாமல் நின்றாள். நாலைந்து மாசமாக உயிரோடு இருந்த அண்ணனை நான்தான் அந்த மத்தியானம் சாகடித்தேன் என்று தோன்றியது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

சாட்சி சம்மன் வந்தது. அதற்கு முன்னாலேயே ரைட்டர் ஒருநாள் ஸ்டூடியோ வாசலில் பைக்கை நிறுத்தி, அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கல்யாணப் படம்தான் இருக்கிறது என்றேன். பொய்யும் இல்லை. ஒரு வாரம் எந்த பைக் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. ஹார்ட் டிஸ்கை அப்படியே கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஃபோல்டரை முதலிலிருந்து திறக்க வேண்டும், நடுவில் எதுவும் சேர்த்ததாகப் பேச்சு வரக் கூடாது என்றார். அதனால் கோர்ட்டில் எல்லோரும் அந்தக் கல்யாணத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தார்கள். பெண் அழைப்பு, வரிசைத் தட்டு, மாமா அசடு வழிய ஆடியது, ஊஞ்சல். போலீஸ் தரப்பு வக்கீல்கூட ஒரு புடவையைப் பார்த்து ஏதோ விசாரித்தார். தாலி கட்டு வந்தது, அட்சதை பறந்தது. அடுத்த படத்தில் அவன் முகம்.

அந்த அம்மா படம் எடுத்த நேரத்தைக் காட்டச் சொன்னார். காலை ஏழு இருபது. உடலை மத்தியானம்தான் சாலையோரம் கண்டெடுத்தோம் என்று ஸ்டேஷன் குறிப்பில் எழுதியிருந்தது. அனாதைப் பிணத்தைப் புதைப்பதுதானே இங்கே வழக்கம், டாக்டரிடம்கூடக் காட்டாமல் இதை மட்டும் ஏன் எரித்தீர்கள் என்று ரைட்டரைக் கேட்டார். அவர் போலீஸ் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, காயங்களைத் துடைக்கச் சொன்னது யார் என்றார்.

"யாரும் சொல்லலைங்கம்மா," என்றேன். "எல்லாருக்கும் துடைக்கிற மாதிரி இவருக்கும் துடைச்சிட்டேன். நான் பார்க்கவே இல்லைங்கம்மா."

கடைசி வாக்கியத்தையும் அவர் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இறந்தவன் அவள் அண்ணன்தான், உடம்பில் காயங்கள் இருந்தன என்று அறிக்கை போயிற்று. ஐகோர்ட் கொலை வழக்குப் பதியச் சொல்லி, விசாரணையை வேறு பிரிவுக்கு மாற்றியது. மூன்று பேர் சஸ்பெண்ட். வழக்கு இன்னும் நடக்கிறது, வாய்தாவுக்குக் கூப்பிட்டால் போய் நிற்கிறேன். ஸ்டேஷனிலிருந்து இப்போதெல்லாம் எனக்குப் போன் வருவதில்லை. டிபன் பந்தியில் நிம்மதியாக உட்காருகிறேன்.

எரித்த சாம்பல்கூடக் கிடைக்காமல் வீட்டில் காரியம் செய்ய நாள் குறித்தார்கள். மாலை போடப் படம் வேண்டும் என்று அவள் வந்தாள். அவள் போனில் இருந்த எல்லாப் படத்திலும் தழும்பு தெரியாமலிருக்க அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். நேராகப் பார்த்த முகம் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

பட்டனைத் தொடவில்லை. பழையபடி கையால் துடைக்க உட்கார்ந்தேன். கடைக்கு லீவ் போட்டிருந்த அவள், என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கன்னம், உதடு, கழுத்து என்று காலை முழுக்கப் போயிற்று. புருவத்துக்கு வந்தபோது நிறுத்தினேன். அங்கே புதுக் காயமும் தழும்பும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன, எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அவள் திரையில் விரலை வைத்தாள்.

"இது அவங்க பண்ணது, எடுத்துடுங்கண்ணா," என்றாள். விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள். "இது சின்ன வயசுல சைக்கிளுக்குச் சண்டை போட்டுக்கினு நான் தள்ளி வுட்டது. இருக்கட்டும்."