ஒத்தப் பேப்பர்

நாகஜோதியைப் பற்றிச் சாணார்பட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும், "பி.ஏ.வை ஒத்தப் பேப்பர்ல விட்ட பிள்ளையா?" என்பார்கள். அவளும் ஒருநாளும் மறுத்ததில்லை.

மூத்த பிள்ளையிடம் யாரும் கேட்டு வேலையை ஒப்படைப்பதில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் மல்லிகைத் தோட்டமும் அடுப்படியும் அவளிடம் வந்துவிட்டன. காலையில் பூ எடுத்துவிட்டு, மத்தியானம் புத்தகத்தை விரித்து, அஞ்சல் வழியில் வரலாறு படித்தாள்.

கடைசி வருஷம் தம்பி சிவபிரகாஷுக்குப் பொறியியல் கல்லூரியில் சேரும் வயது. சான்றிதழ் கேட்டு இருவரும் இ-சேவை மையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் கேட்டாள்:

"வீட்டுல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்கீங்களா? முடிச்சிருந்தா முதல் பட்டதாரி சலுகை தம்பிக்குக் கெடைக்காது."

"இல்லைங்க," என்றாள் நாகஜோதி. அது பொய்யில்லை. இன்னும் ஒரு பரீட்சை பாக்கியிருந்தது.

பரீட்சையன்று ஹால் டிக்கெட்டோடு திண்டுக்கல் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள்.

"எப்படிக்கா எழுதுன?"

"கஷ்டந்தாம்ப்பா."

அதிலிருந்து, "முகலாயர்கள் எங்கக்காவைத் தோக்கடிச்சுட்டாங்க," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள்.

சான்றிதழ் கைக்கு வந்தபின் எழுதியிருக்கலாம்தான். நடுவில் சலுகையைப் பிடுங்கிவிட்டால்? யாரிடமாவது விசாரித்தால் விஷயம் தம்பி காதுக்குப் போய்விடும். நாலு வருஷமும் பொறுத்தாள். அதற்குள் பழைய பாடத்திட்டத்துக்கான கெடு முடிந்து, அந்தப் பேப்பரை இனி எழுதவே முடியாது என்றாகிவிட்டது.

போன மாதம் பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கியோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தான் சிவபிரகாஷ். நம் வீட்டிலும் ஒரு பட்டதாரி என்று அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். நாகஜோதி பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அங்கி கனமா இருந்துச்சாப்பா?"

"வாடகை அங்கிக்கா. போட்டோ எடுத்ததும் வாங்கிட்டாங்க."

"மேடைக்கு எப்படிக் கூப்பிடுவாங்க? பேரச் சொல்லியா, நம்பரச் சொல்லியா?"

"பேரச் சொல்லித்தான். மைக்குல, இனிஷியலோட. இத நேத்தே கேட்டியேக்கா."

"பரவால்ல, இன்னொருக்காச் சொல்லு."

அவன் முதலிலிருந்து சொன்னான். நார் விரலில் சுற்றியபடியே இருக்க, கை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.