எண்ணெய் கேட்டவனுக்கு அரக்கு

ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டி ஒரு பட்டறை. கப்பல்களிலிருந்து கழற்றிக்கொண்டு வருகிற கேபின் கதவு, மேஜை, நாற்காலிகளைப் பழுது பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே நான் பாலிஷ்காரன். அந்தப் பட்டறையில் பளபளப்பான சங்கதிகள் இரண்டு: நான் பாலிஷ் போட்ட மேஜை, என் பேச்சு. இரண்டையும் நகத்தால் லேசாகச் சுரண்டினால் போதும், உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

மத்தியான இடைவேளையில் கழிவுக்கட்டைகளை எடுத்துக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்துக் கட்டைப் பேனா செய்வது என் பொழுதுபோக்கு. இரும்பு நிப்பைச் செருகி, மையில் தொட்டு எழுதுகிற பேனா. கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பேன். வாங்கினவன் மூன்று நாள் என்னைப் புகழவேண்டும், அதுதான் கணக்கு.

என் தோஸ்து ஒருவன் துறைமுகத்தில் கரி இறக்கிக்கொண்டிருந்தான். எங்கள் தெருக்காரன், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. சாமியார்கள் எங்கள் இருவருக்கும் ஒரே பிரம்பால்தான் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அவனுக்கு எழுத்து வந்தது, எனக்குத் தழும்பு வந்தது. தெருவில் யாருக்கு மனு எழுதவேண்டுமானாலும் அவன்தான். அவன் எழுதிய ஒரு மனுவைப் பார்த்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் பியூன், "எந்த அச்சாபீசுல அடிச்சது?" என்று கேட்டானாம்.

ஒரு நாள் இடைவேளையில் கரிமுகத்தோடு வந்து கடைசல் பக்கத்தில் குந்தினான். இருமி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"டாக்டரு சொல்ட்டாரு மாமு. இனிமே கரி வேணாம், நெஞ்சு தாங்காதுன்னு. கப்பல் கம்பெனி ஆபீசுல ஒரு குமாஸ்தா எடம் காலியா கீது. கையெழுத்து பார்த்துதான் எடுக்கறாங்களாம். அடுத்த மாசம் பரீட்சை. ஒரு பேனா கடைஞ்சி குடு."

"கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுத் தரேன், மொகம் பாத்துக்கலாம்."

"பாலிஷே வேணாம். கடையில வாங்கறது எல்லாம் வயுக்குது. என் கை வேர்க்கும், உனக்குத் தெரியாதா? எண்ணெய் மட்டும் தேச்சிக் குடு, போதும்."

"பரீட்சைக்குப் போற பேனா மாப்ள மாதிரி இருக்க வேணாமா?"

"மாப்ள நானு. பேனா சும்மா கூட வந்தா போதும்."

அவன் கேட்டது சரிதான். வேர்க்கிற கைக்கு ஆளிவிதை எண்ணெயைப்போல வேறு எதுவும் கிடையாது. அது மரத்துக்கு மேலே நிற்காது, உள்ளே போய்விடும்; விரலுக்கு மரம்தான் படும், வழுக்காது. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். மெல்லத் தடவி, நன்றாகத் துடைத்து, நிழலில் தொங்கவிட வேண்டும். ராயபுரத்துக் கடல்காற்றில், அதுவும் ஐப்பசியில், ஒரு கை பூச்சு காய ஒரு வாரம் ஆகும். நாலு கை போட்டால் ஒரு மாதம். அவன் எனக்குக் கொடுத்த நேரமும் சரியாக ஒரு மாதம்.

பழைய கப்பல் கதவிலிருந்து ஈட்டிமரத் துண்டு ஒன்று எடுத்தேன். கடைந்து, உப்புத்தாள் போட்டு, முதல் கை எண்ணெயும் தடவித் தொங்கவிட்டேன். அதுவரைக்கும் நான் யோக்கியன். பிறகு இடைவேளைகளில் மேஸ்திரி நடப்பதுபோல நடந்து காட்டவேண்டியிருந்தது. முதலாளி தன் திருநெல்வேலித் தமிழில் கப்பல் துரையோடு பேரம் பேசுவதை நடித்துக் காட்டவேண்டியிருந்தது. ரசிகர்களை ஏமாற்றலாமா? பேனா ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள் என்று அவன் தெருவில் என்னைப் பார்த்துச் சொன்னபோதுதான் அது இருக்கிற ஆணி நினைவுக்கு வந்தது.

மூன்று நாளில் எண்ணெய் ஆகாது. மெழுகு போட்டால் கைச்சூட்டில் உருகிப் போகும். மிச்சம் இருந்தது அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டித் தொட்டுத் தேய்த்தால், சாயங்காலத்துக்குள் கண்ணாடிதான். நல்ல ஸ்பிரிட்டாக இருந்தால் இறுகியும் நிற்கும்.

அந்த ஸ்பிரிட்டைப் பற்றி இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். மதுவிலக்கு வந்த புதிது. பட்டறையில் ஸ்பிரிட்டு குறைவது மேஸ்திரிக்குத் தெரிந்து, புட்டியில் பென்சிலால் கோடு போட்டுப் பூட்டி வைத்திருந்தார். சாவி என்னிடம், பாலிஷ்காரன் இல்லையா. இந்த மூன்று நாளுக்கு முந்தின வாரம், பட்டறையில் கூட இருந்த ஒருவன், "உனக்கெல்லாம் தில்லு இல்ல நைனா" என்று சொல்லிவிட்டான். தில்லைக் காட்ட அரை டம்ளர் குடித்தேன். அடுத்த கால் மணி நேரம் பட்டறைக் கொல்லையில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. வாயைக் கழுவின அதே குழாயில் புட்டியைப் பிடித்துக் கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பி வைத்தேன். மேஸ்திரி மறுநாள் கோட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு சரியாக இறுகாது. சூடு பட்டால் இளகும், ஈரம் பட்டால் வெளுக்கும். பாலிஷ் வேலைக்கு வந்த முதல் வாரமே யாருக்கும் தெரிந்துவிடுகிற விஷயம். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சின்னப் பேனாதானே, துளி பாலிஷ்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு ஸ்பிரிட்டு கேட்டால் மேஸ்திரி காரணம் கேட்பார்.

சாயங்காலம் பேனா மின்னியது. காலையில் பார்த்தால் கண்ணாடியில் மூச்சு விட்டமாதிரி மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எண்ணெயைத் தொட்டுத் துடைத்தேன், மறைந்துவிட்டது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எண்ணெய்தானே?"

"எண்ணெய்தான். நாலு கை."

"இந்த மின்னு மின்னுது?"

"நம்ம கைராசி அப்டி."

அவன் என் தோளைத் தட்டினான். அந்தத் தட்டு இன்னும் தோளில் இருக்கிறது.

பரீட்சை முடிந்து நேரே பட்டறைக்கு வந்தான். இடைவேளை, என் ரசிகர்கள் எல்லாரும் இருந்தார்கள். வலது கையை நீட்டினான். விரல் நுனியெல்லாம் பழுப்பு.

"மூணு வரி சோக்கா போச்சி மாமு. அப்பால பேனா விரலோட ஒட்டிக்கினு வரமாட்டேங்குது. இஸ்து எடுத்தா, பேப்பரு கையோட வருது. பெரிய குமாஸ்தா, அல்வா துன்னுட்டு வந்தியான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சிட்டானுங்க. இன்னா மாமு ஆச்சி?"

சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது.

"எண்ணெய் இன்னா பண்ணும்? உள்ளங்கையில தண்ணிக் கொயா வெச்சிகினு பொறந்தவன் நீ. ஈட்டிமரத்துச் சாயமே எறங்கிடுச்சி பாரு. இது கையில்ல நைனா, பிசினு."

பட்டறை சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். நான் சொன்னதில் பழுதுபடாமல் நிலைத்த ஒரே நகைச்சுவை அதுதான். ஒரு வாரத்தில் தெரு முழுக்க அவனைப் பிசினு என்று கூப்பிட்டது. துறைமுகத்தில் கங்காணி அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிட்டான். அவன் திரும்பவும் கரிக்குத்தான் போனான்.

இரண்டு மூன்று வருஷத்தில் கரியும் முடியாமல், எண்ணூரில் அக்கா வீட்டுக்குக் குடிபோனான். அதன் பிறகு நான் இன்னொரு பேனா கடைந்தேன். அதே கப்பல் கதவில் மிச்சமிருந்த ஈட்டி. எண்ணெய் ஏழு கை, ஒவ்வொரு கைக்கும் முழுசாக ஒரு வாரம். யாரையும் நடித்துக் காட்டவில்லை. அதை எடுத்துக்கொண்டு எண்ணூருக்கு பஸ் ஏறினேன்.

மெலிந்திருந்தான். வலது உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தான். "படிகாரத் தண்ணியில தெனம் கழுவறேன் மாமு. ஒண்ணும் கேக்கல" என்றான். பேனாவை வாங்கி இடது கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அடுத்த வருசமும் அந்த ஆபீசுல எடம் வந்திச்சி, தெரியுமா? பெரிய குமாஸ்தாவே ஆளனுப்பிச்சாரு. உன் எழுத்து நல்லா கீது, இன்னொரு தபா வந்து எழுதுன்னு. நான் போவல. நாலு கை எண்ணெயே நிக்கல, இந்தக் கைய வெச்சிகினு எங்க போறது."

அவன் வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான். எனக்கு அப்போதும் வாயில் ஒரு ஜோக்கு வந்து நின்றது. என்ன ஜோக்கு என்று இப்போது நினைவில்லை. அதை விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: ஆணியில் தொங்கினது, புட்டி, கோடு, குழாய், வெள்ளையாகப் பூத்ததை எண்ணெய் தொட்டு மறைத்தது.

உள்ளே அவன் அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"அப்போ எண்ணெய் இல்ல அது."

"ஒரு கை போட்டேன். மிச்சம் அரக்கு."

"அந்த ஸ்பிரிட்டாவது நல்லா இருந்திச்சா?"

"இல்ல. வாந்திதான்."

தலையை ஆட்டினான். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தான். பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். எல்லார் கையும் போலத்தான் இருந்தது, கொஞ்சம் ஈரம். பேனாவை அந்தக் கைக்கு மாற்றி, காற்றில் இரண்டெழுத்து எழுதுவதுபோல அசைத்தான். வழுக்கவில்லை. பிறகு அதைப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தான்.

"கெளம்புங்க," என்றான். "பஸ்ஸு பூடும்."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அவன் என்னை 'நீங்க' என்று சொன்னது அந்த ஒருமுறைதான். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.