இசைத்தட்டு அம்மன்

சாம்பிராணி வாசம் வந்தால் எனக்குக் கோயில் நினைவு வருவதில்லை. காதுக்குள் ஒரு மின்கிட்டார் அழத் தொடங்கும். போன மாசியில், லண்டன் வெம்பிளியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது.

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண்மணி ஸ்கொட்லாந்தில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போகவிருந்தார். போகமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று, காலமான கணவரோடு சேர்ந்து வாங்கிய இசைத்தட்டைத் தந்தார். அறுபதுகளின் சைகடெலிக் ரொக் தட்டுகளில் பேர்போன ஒன்று. சித்தாரும் தம்பூராவும் கிட்டாரோடு கலந்த அந்த இசை, அவற்றை அறியாத இந்த ஊர்ப் பிள்ளைகளின் சட்டை, தலைமயிர், அறைச்சுவர் எல்லாவற்றையும் நிறம் மாற்றியது. சனிக்கிழமை அவருடைய சாமான் ஏற்ற வாகனம் வருமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வெள்ளி மாலை ஷிப்ட் முடிந்து வந்தால், மேசையில் தட்டு இல்லை. சாமியறையில் இருந்தது! தட்டின் உறையில் வண்ணச் சுழிகளுக்கு நடுவே பல கைகளோடு ஒரு அம்மன். என் மனைவியின் தாயார், எங்கள் மாமி, கண்டுவிட்டு விடுவாரா? உறையிலேயே சந்தனம், குங்குமம்; மேலே பூ, முன்னால் சாம்பிராணி.

"தம்பி, அம்மனைக் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்திலை வைக்கிறதே?"

ஈரப் பஞ்சால் துடைத்தேன். குங்குமம் இன்னும் பரவியது. இதே மாதிரி வேறொரு உறை வாங்கி மாற்றிவிடலாம் என்றாள் மனைவி. மாட்டேன் என்றேன். அந்தப் பெண்மணியும் கணவரும் தொட்ட உறை இதுதானே. உள்ளதைச் சொல்லியே கொடுப்பது.

"அப்ப நானும் வாறன். வைச்ச அம்மனைப் பூசை செய்யாமல் எடுக்க ஏலாது" என்றார் மாமி.

காலையில் கற்பூரம் காட்டி, தாம்பாளத்தில் வைத்து அவரே தூக்கி வந்தார். பெட்டிகளுக்கு நடுவே நின்று அந்தப் பெண்மணி கறையைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.  அவர் இன்னும் கட்டாமல் கிடந்த பிளேயரில் தட்டைச் சுழலவிட்டார். தம்பூரா மெல்ல எழுந்தது; அதன்மேல் கிட்டார் பாய்ந்தது.

"சுருதி சரி. மற்றவன்தான் கத்துறான்" என்றார் மாமி.

மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணி சிரித்தார், கண் நிறைந்திருந்தது. உறையிலிருந்த அம்மனைக் காட்டி, இத்தனை காலமும் இவளை வெறும் நிறமாகத்தான் பார்த்தோம், யாரென்று ஒருவரும் கேட்கவில்லை என்றார். இனி என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டார்.

அந்தத் தட்டு உலகத்தையே மாற்றியது என்பார்கள். இந்த இரண்டு பெண்களையும் ஒரு வாசலில் நிறுத்தியதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வாகனம் வந்துவிட்டது. மாமி அவர் கையைப் பிடித்துத் தமிழிலேயே சொன்னார்:

"வெள்ளிக்கிழமையிலை ஒரு விளக்குக் கொளுத்து பிள்ளை. பாட்டையும் போடு, அவ கேட்கட்டும்."