கிரகோரி மடிக்காமல் வரைந்த படம்

ஜொகூர் பாருவில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் கிரகோரி எட்டு வருடமாகத் தற்காலிக வரைவாளர். நிரந்தரம் என்ற பேச்சை எடுத்தாலே தலைமை வரைவாளர் ஐயாசாமிக்குக் காது கேட்காமல் போய்விடும். 1934இல் கடல் ஆராய்ச்சி செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து மேசைமேல் ஒரு சீசாவை வைத்தபோதுதான் முதல்முறையாகக் கேட்டது.

"இதை மட்டும் ஒழுங்கா வரைஞ்சு குடு, பெர்மனெண்டுக்கு நானே எழுதறேன்," என்றார் ஐயாசாமி.

சீசாவில் இருந்தவை ஜொகூர் நீரிணையில் மெல்லிய துணிவலையால் அரித்தெடுத்த துடுப்புக்காலிகள். இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம்தான், ஆனால் எள்ளைவிடச் சிறியவை. மீன்குஞ்சுகளுக்கு இவைதான் சோறு. கிரகோரி ஒன்றை நுண்ணோக்கியில் வைத்து உடம்பின் ஒரு பாதியை வரைந்தார். மறுபாதிக்கு அலுவலக வழக்கம் ஒன்று உண்டு: டிரேசிங் தாளை நடுவில் மடித்து, வரைந்த பாதியின் கோடுகளை அப்படியே நகலெடுத்துவிடுவது. மாதா கோவில் முகப்பும் துரை பங்களாவும் அப்படித்தான் உருவாயின. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

சரிபார்க்க மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார். பூச்சியின் வலது உணர்கொம்பு நடுவில் புடைத்து மடங்கியிருந்தது. இடதில் அது இல்லை. கடைசிக் கால்களில் ஒன்று கொடுக்கு, மற்றது வெறும் குச்சி. இன்னும் நான்கை எடுத்துப் பார்த்தார். நான்கும் அப்படியே. படத்தைக் கிழித்துப் போட்டார்.

கிரகோரி சொன்ன காரணத்தைக் கேட்டு ஐயாசாமி அலறினார். "அலமாக்! நாளைக்கு அந்தத் துரை வர்றாரு, கிழிச்சுட்டியே! ஒரு கால் பெரிசு, ஒரு கால் சிறுசுன்னா அது நொண்டிடா. நொண்டியை வரைஞ்சு குடுத்தா உன் வேலையே போயிடும்."

"அஞ்சு பூச்சியுமா நொண்டி? இருக்கறதத்தாண்ணே வரைவேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி சூசையம்மாளும் மூன்று பிள்ளைகளும் இந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் தாளை மடிக்காமல், இரண்டு பக்கத்தையும் தனித்தனியே பார்த்துப் பார்த்து வரைந்தார்.

மறுநாள் வெள்ளைக்காரர் படத்தையும் நுண்ணோக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து கிரகோரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆண் இப்படித்தான் இருக்கும், மடங்கும் கொம்பால்தான் பெண்ணைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கால்களைப் பார்த்துத்தான் இனத்தையே அடையாளம் காண்பார்கள் என்றார். வேறு இரண்டு ஊர்களில் தாளை மடித்து வரைந்து கெடுத்துவிட்டார்களாம்.

கிரகோரிக்குத் தலைகால் புரியவில்லை, அத்தனை சந்தோஷம். ஐயாசாமி ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். வேறு வழியில்லை, வெள்ளைக்காரர் பக்கத்திலேயே நிற்க, நிரந்தர வேலைக்கான பரிந்துரையைத் தம் கையாலேயே எழுதி நீட்டினார்.

கிரகோரி அவசரப்படாமல் கடைசி வரிவரை படித்தார்.

"கையெழுத்தை விட்டுட்டீங்கண்ணே," என்று திருப்பிக் கொடுத்தார்.