சிறகு முளைத்த கழுதைக்கு ஒரு பொலிஸ் பதிவு

முப்பத்திரண்டு வயதில், யுத்த காலத்தில், கலியாணமாகாத ஒருவன் வெள்ளவத்தையில் செய்யக்கூடிய உருப்படியான காரியங்கள் எத்தனையோ இருந்தன. நான் கழுதைக்குச் சிறகு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனையில் சுரூபங்கள் விற்கும் ஒரு சின்னக் கடை. நத்தார் முடிந்ததும், பாலன் குடிலுக்கென்று செய்த ஆடு, மாடு, கழுதை, ஒட்டகங்களில் காது போனவையும் கால் போனவையும் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். கட்டைவிரல் அளவு பிளாஸ்டர் பொம்மைகள். கந்தோர் வேலை முடிந்து அங்கே போய் அவற்றைக் கிளறுவேன். "மாதாவும் வேணாம், சூசையப்பரும் வேணாம், மாடும் கழுதையும் மட்டும் போதுமா?" என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார். அவருக்கு என் ஆன்மாவைப் பற்றிக் கவலை.

அறைக்கு வந்ததும் வேலை தொடங்கும். உடைந்த காதுக்குப் பதில் கொம்பு வைப்பேன், ஒட்டகத்துக்கு மீன்வால் வைப்பேன். செதில்களுக்கு, பெண்கள் நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ் பூசுவேன். அதை வாங்கும்போது கடைப்பெண் சிரிக்கிற சிரிப்பை நான் பார்க்காதது மாதிரி நிற்பேன். சிறகுகள், எனக்கு வருகிற கலியாண அழைப்பிதழ்களை வெட்டிச் செய்தவை. மற்றவர்களின் கலியாணத்தால் நான் அடைந்த ஒரே பலன் அதுதான்.

வர்ணம் காய்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு எழுத வேண்டும். வரலாற்றை எந்த முறையில் எழுதுவது என்று யோசித்தபோது, என் மேசையில் கிடந்தது பொலிஸ் பதிவுப் படிவம். வடக்கிலிருந்து யார் வந்து தங்கினாலும் அதை நிரப்பி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். பெயர், நிரந்தர முகவரி, தொழில், கொழும்புக்கு வந்த காரணம், தங்கும் காலம். ஒரு பிறவியைப் பற்றி இதற்கு மேல் என்ன வேண்டும்? இருபது போட்டோகொப்பி எடுத்து வைத்துக்கொண்டேன். கற்பனையில் நான் பெரிய ஆள் என்று அப்போது நினைப்பு.

கழுதையின் படிவம் என் தலைசிறந்த படைப்பு. பெயர் என்ற இடத்தில் எழுதியதைச் சொல்ல மாட்டேன், அது என் மேலதிகாரியின் பெயர். நிரந்தர முகவரி: மன்னார். தொழில்: முன்பு உப்புச் சுமந்தது, தற்போது இல்லை. வந்த காரணம்: சிறகு முளைத்ததால் ஊரில் இருக்க முடியவில்லை. வந்த வழி என்று நானாகவே ஒரு வரி சேர்த்திருந்தேன்: இரவில், கடலுக்கு மேலால். தங்கும் காலம்: நிலைமை சீராகும் வரை. இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

அந்த நாட்களில்தான் அத்தான் வந்தார், என் அக்காவின் கணவர். ஒரு கண் முழுதாகப் புரை மூடி, மற்றதும் நிழல் மட்டும் தெரியும் அளவுக்கு மங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, பஸ் பிடித்து, வியாழன் மாலை என் அறைக்கு வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை கண் ஒப்பரேஷன். அந்தத் தேதி கிடைக்க அக்கா ஏழு மாதம் அலைந்திருந்தா.

வியாழன், வெள்ளி, சனி மூன்று மாலையும் அத்தான் கட்டில் விளிம்பில் இருந்து, பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "இது என்ன தம்பி?" என்பார். நான் சொல்வேன், அதன் பாட்டன் முப்பாட்டன் வரை. அவர் தலையாட்டிக் கேட்டார். இப்படி ஒரு ரசிகர் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அத்தானையும் பதிய வேண்டும், படிவத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்தும் வேண்டும். வீட்டுக்காரர் ஹெந்தளையில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் கையெழுத்து ஞாயிறு காலைதான் கிடைத்தது. அத்தானின் படிவத்தை இரண்டு நிமிடத்தில் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று போட்டேன். யாழ்ப்பாணத்தார்தானே, ஏதாவது நட்டிருப்பார். ஒட்டகத்தின் வால் அரைகுறையாக ஈரத்தில் இருந்ததால், "நீங்களே குடுத்திட்டு வாங்கோ அத்தான், கிட்டத்தான்" என்று அனுப்பினேன். கண் தெரியாத மனிதர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார்.

மத்தியானம் ஒரு கொன்ஸ்டபிள் கதவைத் தட்டினான். "கோ அனித் எக்கெனா?" மற்ற ஆள் எங்கே என்று கேட்கிறான். எந்த ஆள் என்று நான் விழிக்க, அவன் ஒரு காகிதத்தை நீட்டினான். அத்தானின் படிவத்தோடு கழுதையின் படிவத்தையும் சேர்த்துக் குத்தியிருக்கிறேன். மற்ற ஆளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஸ்டேஷனில், தமிழ் தெரிந்த முஸ்லிம் கொன்ஸ்டபிள் ஒருவர் கழுதையின் வாழ்க்கையை வரி வரியாக மொழிபெயர்த்து முடித்திருந்தார். கடலுக்கு மேலால் இரவில் வந்தவர் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் கழுதையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஐயா, ஒங்களுக்கு வேற வேல இல்லயா?" என்றார் மொழிபெயர்த்தவர்.

இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். யார் வர்ணம் பூசியது என்றார். "நான்தான் சேர்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவர் சிரித்துவிட்டார். கழுதையைத் தன் டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பிறகு, சம்பிரதாயத்துக்கு, அத்தானைப் பற்றிக் கேட்டார். என்ன தொழில்? யாழ்ப்பாணச் சனமெல்லாம் ஊரை விட்டுப் போன இடப்பெயர்வு நேரத்தில் எங்கே இருந்தவர்? அத்தானை ஏற்கனவே பின்னறையில் வைத்து இதையே கேட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அக்காவின் கடிதங்களில் 'நாங்கள் சுகம்' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது, உடைத்துப் படிப்பார்கள் என்ற பயம். ஆனால் எனக்குத்தான் கேட்டவுடன் வரலாறு ஊறுமே. தோட்டக்காரர் சேர், வெங்காயம் வைப்பவர், ஊரை விட்டு ஒரு நாளும் போனதில்லை, வன்னிப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை என்று அடித்து விட்டேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

அத்தான் உண்மையைச் சொல்லியிருந்தார். அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். கடை எரிந்தபின், அக்காவையும் பிள்ளைகளையும் சாவகச்சேரியில் விட்டுவிட்டு, இரண்டு வருடம் வன்னியில், கிளிநொச்சியில் அகதிகளுக்கு நிவாரண அரிசி நிறுத்துக் கொடுத்தவர். இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. இருவரில் யார் பொய் சொல்கிறார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அதை அவர் நம்பவில்லை. என்னை அனுப்பிவிட்டு அத்தானை மறித்து வைத்தார்கள்.

வீட்டுக்காரர் ஒரு சமாதான நீதவானைப் பிடித்து, கடிதம் வாங்கி, அத்தானை வெளியே எடுக்கப் புதன்கிழமை பின்னேரமாகிவிட்டது. செவ்வாய் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து என்றார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வர இராணுவம் கொடுத்த பயண அனுமதியில் அவருக்கு மிச்சமிருந்தது ஒன்பது நாள்.

புறக்கோட்டையில் திருகோணமலை பஸ்ஸில் அவரைக் கைபிடித்து ஏற்றி, யன்னல் பக்கம் இருத்தினேன். யன்னலால் அவருக்கு ஒன்றும் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கை இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தார்.

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன், தம்பி."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் புறப்பட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அப்போதாவது அவரைப் பற்றி அவரிடமே கேட்டிருக்கலாம். நான் அவருக்குச் சோடா வாங்கப் போனேன்.