லாமினேட் செய்த கடல்

வெளிநாட்டு அச்சுக்கலைக் கண்காட்சி ஒன்றுக்கு என் 'வெள்ளவத்தைக் கடல்' அச்சுப்படம் தெரிவாகியிருந்தது. புகைப்படத்தைப் பார்த்துத் தெரிந்தெடுத்தவர்கள் இப்போது அசல் அச்சைக் கேட்டார்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ரப்பர் போன்ற ஒரே லினோ தகட்டை மேலும் மேலும் செதுக்கி அடிக்கும் முறை அது. கடைசி நிறத்தோடு தகடு முடிந்துவிடும். திரும்ப அடிக்க முடியாது. அடித்த சில பிரதிகளையும், இந்த ஊரில் இதை யார் வாங்கப்போகிறார்கள் என்ற எரிச்சலில், கலியாணம், புதுவீடு குடிபூரல் என்று சொந்தக்காரருக்குப் பரிசாகக் கொடுத்துத் தீர்த்திருந்தேன்.

ஒவ்வொரு வீடாகக் கேட்டுக் கடைசியாகக் கொட்டாஞ்சேனைச் சித்தியிடம் போனேன்.

"கவனமா வச்சிருக்கிறன், பிள்ளை," என்று அலுமாரியைத் திறந்தார்.

பிறப்புச் சான்றிதழுக்குச் செய்வதுபோல லாமினேட் செய்திருந்தார். தடவிப் பார்த்தேன். மை மேடுகட்டி நின்ற அலையெல்லாம் வழவழவென்று இருந்தது. உரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடும்.

"கடல் காத்துக்குப் பழுதாப் போயிடுமெண்டு செய்தனான். வடிவா இருக்கெல்லே?"

"ஓம் சித்தி, வடிவா இருக்கு."

அதை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். மற்ற வீடுகளில், நான் அப்படியொரு படம் கொடுத்ததே யாருக்கும் நினைவில்லை.